யாரு சொல்லிச் செஞ்சீங்க?

லேப்பம்மா யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. மூன்று வருடம் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தோம். அந்த மூன்று வருடமும் அவர்மேல் எனக்கு இருந்த பெரிய எரிச்சல் அதுதான்.

நான் திட்டியே பிழைத்தவன். எண்பதுகளின் நடுவில், பொம்மிடிக்குப் பக்கத்தில் ரயில் பாதையை ஒட்டி இருந்த ஒரு தனியார் வெண்ணெய் ஃபேக்டரியில் நான் உற்பத்திப் பிரிவுக்குப் பொறுப்பாளன். பால் இறக்குகிறவர்கள், கேன் கழுவுகிறவர்கள், கிரீம் பிரிக்கிறவர்கள் எல்லாரும் என் வாயில் விழுந்து எழுந்தவர்கள். ஆய்வுக்கூடம் மட்டும் என் கையில் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டவர்தான் லேப்பம்மா. அவருக்கு ஒரு பெயர் இருந்தது. ஆனாலும் முதலாளியிலிருந்து வாட்ச்மேன் வரைக்கும் அவர் லேப்பம்மாதான். எனக்கும் அப்படியே பழகிவிட்டது.

அவர் சேர்ந்த புதிதில் நடந்தது இது. ஆய்வுக்கூட உதவியாள் பச்சியப்பன் கண்ணாடிக் குடுவைகளைத் தட்டில் அடுக்கி எடுத்து வரும்போது வாசற்படி இடறிவிட்டது. அத்தனையும் தூள். நான் ஓடிவந்து, "கண்ணு என்ன பொடனியிலயா இருக்குது?" என்று ஆரம்பித்துவிட்டேன். லேப்பம்மா குனிந்து சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"எல்லாத்தையும் ஒரே தட்டுல எதுக்குத் தூக்குனீங்க பச்சியப்பன்? யாரு சொல்லிச் செஞ்சீங்க?"

பச்சியப்பன் திரும்பி என் பக்கம் பார்த்தான். அன்று காலையில்தான் நான், மூன்று நடை நடந்து பொழுதை ஓட்டுகிறாயா, ஒரே நடையில் கொண்டுபோ என்று கத்தியிருந்தேன்.

லேப்பம்மா கையைத் துடைத்துக்கொண்டு ஒரு நீள நோட்டை எடுத்தார். அதில் நாலு பத்தி கோடு போட்டிருந்தது. தேதி, நடந்தது, செய்தது, யார் சொல்லி. நாலாவது பத்தியில் என் பதவியை எழுதினார்.

"என்னங்க மேடம், லேப்பா இல்ல போலீஸ் ஸ்டேஷனா?" என்றேன்.

"இல்லீங்க சார். கையைத் திட்டுனா கை நடுங்கும். நாளைக்கும் ஒடையும். கைக்கு என்ன சொன்னமோ அதைத்தான் மாத்தணும்" என்றார்.

குரலில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்கும் திருப்பிக் கொடுக்க வசதியாக இருந்திருக்கும். ஒருமுறை அவரே கிரீமைப் புளிக்க வைக்கிற உறையை வளர்க்கும் பெட்டியின் சூட்டை ஏற்றிவைத்து மறந்துபோய், ஒரு நாளைக்கான உறை முழுக்கக் கெட்டது. நான் ஆசையாகப் போய் நோட்டைத் திறந்து பார்த்தேன். நாலாவது பத்தியில் கொட்டை எழுத்தில் "நான்" என்று போட்டிருந்தார்.

பென்னாகரம் பக்கத்து ஆள். வீட்டில் கன்னடம். எங்களோடு பேசும் தமிழில் அது தெரியாது. எண்ணும்போது மட்டும் வெளியே வந்துவிடும். கண்ணாடித் தட்டுகளை வெளிச்சத்துக்குப் பிடித்துக்கொண்டு "ஒந்து, எரடு, மூறு" என்று உதட்டுக்குள் போய்க்கொண்டிருப்பார். அப்போது முதலாளியே வந்தாலும் திரும்ப மாட்டார். மத்தியானம் ராகிக் களியும் கீரையும். எனக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவார். முன்னால் பெங்களூரில் சில வருடம் ஆராய்ச்சி செய்து, முடிக்காமல் வந்தவர் என்று மட்டும் எங்களுக்குத் தெரியும்.

என்ன ஆராய்ச்சி என்று ஒருநாள் களியை உருட்டும்போது கேட்டுவைத்தேன். சும்மா பேச்சுக்குத்தான்.

"பாக்டீரியாவுக்கு வர்ற வைரஸுங்க. ஃபேஜ்னு பேரு" என்றார்.

"பாக்டீரியாவே நமக்கு நோய் தர்றது. அதுக்கும் நோயா?" எனக்குச் சிரிப்பு வந்தது.

"ஏன் வரக்கூடாது? நம்ம உறையில இருக்கறதும் பாக்டீரியாதானுங்க. அதுக்கும் வரும்."

பிறகு அவர் சொன்னதை நான் இன்று வரைக்கும் மறக்கவில்லை. நம் ஃபேக்டரியையே வைத்துச் சொல்கிறேன் என்று ஆரம்பித்தார். பாக்டீரியாவுக்குள் ஒரு பெரிய புத்தகம் இருக்கிறது. என்னென்ன செய்ய வேண்டும் என்று அதில்தான் எழுதியிருக்கும். புத்தகம் இருந்த இடத்தை விட்டு நகராது. அதனால் ஒரு ஸ்டெனோ இருக்கிறார். தேவையான பக்கத்தை மட்டும் நகல் எடுத்து வேலையாட்களிடம் கொடுப்பார். நகலில் என்ன இருக்கிறதோ அதை அவர்கள் செய்வார்கள். வைரஸ் உள்ளே வருவதே இல்லை. வெளியே சுவரில் ஒட்டிக்கொண்டு, தன்னுடைய தாள்களை மட்டும் உள்ளே தள்ளிவிடும். ஸ்டெனோவுக்கு எது யாருடைய தாள் என்று தெரியாது. பக்கத்தின் தலைமாட்டில் "இங்கே ஆரம்பி" என்று ஒரு குறி இருக்கும். குறி இருந்தால் நகல் எடுப்பார். அவ்வளவுதான் அவர் வேலை.

"மொதல்ல அவரு நகல் எடுக்கற தாளு அவரைப் பத்தினது. அதுல சொன்னபடி வேலையாளுங்க ஒரு சாமானைச் செய்வாங்க. அந்தச் சாமான் வந்து ஸ்டெனோ மேலயே ஒட்டிக்கும். அப்புறம் சொந்தப் புத்தகத்துல இருக்கற குறி அவரு கண்ணுக்குத் தெரியாது. வைரஸோட குறி மட்டுந்தான் தெரியும்."

"அப்புறம்?"

"அப்புறம் ரெண்டாவது கட்டுத் தாளு. வைரஸோட புத்தகத்தை நூறு இருநூறுன்னு படி எடுக்கறதுக்கு. அதுக்கு வேண்டிய பொருளுக்காக நம்ம புத்தகத்தையே கிழிச்சு எடுத்துக்கறதும் உண்டு. மூணாவது கட்டு தலை, வாலு செய்யறதுக்கு. கடைசித் தாளு சுவத்தை ஒடைக்கறதுக்கு. வரிசை மாறாதுங்க. அரை மணி நேரம், முக்கா மணி நேரம். எல்லாம் நம்ம ஆளுங்க, நம்ம மிஷினு. தாளு மட்டுந்தான் வேற."

எந்த நிமிடத்தில் எந்தத் தாள் நகலாகிறது என்று நிமிடத்துக்கு நிமிடம் எடுத்துப் பார்ப்பதுதான் அவருடைய வேலையாக இருந்ததாம். ஒரு நிமிடத்துக் கணக்கு மட்டும் மற்றதோடு ஒத்துவரவில்லை. மேலே இருந்தவர் அதை விட்டுவிட்டு எழுதச் சொன்னார். "விட்டுடறேன். யாரு சொல்லி விட்டேன்னும் எழுதிக்கறேன்" என்று இவர் சொல்லியிருக்கிறார். அதோடு பெங்களூர் முடிந்தது.

"அந்த ஸ்டெனோவைத்தான் மேடம் மொதல்ல உதைக்கணும்" என்றேன் நான்.

"அவரு என்னங்க பண்ணுவாரு?" என்றார். உண்மையிலேயே அந்த ஸ்டெனோவுக்காக வருத்தப்பட்ட மாதிரி இருந்தது.

அந்த வைரஸும் நம் அரசியல்வாதிகள் மாதிரி என்று ஏதோ சொல்லப் போனேன். அவருக்குப் பிடிக்கவில்லை. "வேணாங்க சார். அதுக்கு ஆசையும் கெடையாது, கோவமும் கெடையாது. நம்ம கதையை அது மேல ஏத்தாதீங்க" என்று டப்பாவை மூடிக்கொண்டு எழுந்துவிட்டார்.

அந்தக் கோடையில் மழை இல்லை. கிணறுகள் பாறை காட்டின. அப்போது நான் ஒரு நல்ல காரியம் செய்தேன். வெண்ணெய் எடுத்த மோரை அதுவரை வாய்க்காலில் விட்டுக்கொண்டிருந்தோம். அதைப் பால் கொண்டுவருகிறவர்களின் காலி கேனிலேயே ஊற்றி அனுப்பச் சொன்னேன். குடிக்கிறவர்கள் குடிக்கட்டும், மிச்சம் கன்றுக்கு ஆகட்டும் என்று. ஊரே வாழ்த்தியது. சந்தையில் என்னைப் பார்த்தால் "மோர் சாரு" என்று கும்பிட்டார்கள். திட்டுவாயன் என்று பெயர் எடுத்தவனுக்கு அந்தக் கும்பிடு எவ்வளவு இனித்தது என்று சொல்லி முடியாது.

ஒரு மாதம் போயிருக்கும். உறை ஊற்றிய கிரீம் புளிக்கவில்லை. முந்தின நாள் மாலையில் ஊற்றினால் விடிந்ததும் மணம் தூக்கும். அன்று பச்சைப் பால் மாதிரியே கிடந்தது. அடுத்த நாளும் அப்படியே. வெண்ணெய் மணமில்லாமல் சேலத்திலிருந்து திரும்பி வந்தது. முதலாளி போனில் பேசிய பேச்சில் என் காது சிவந்தது.

யார் தலையிலாவது போட்டாக வேண்டும். ஆரோக்கியமேரி அகப்பட்டார். இரண்டு மாடு வைத்திருந்தவர். கோயில் மணி அடித்ததும் கிளம்பி, கேனைத் தலையில் வைத்துக்கொண்டு முதல் ஆளாக வந்து நிற்பார். கொஞ்ச நாள் முன்னால் ஒரு மாட்டுக்கு மடிநோய் வந்து ஊசி போட்டதை அவரே வந்து சொல்லியிருந்தார். "மருந்து போற வரைக்கும் அந்த மாட்டுப் பாலைக் கீழதானுங்க ஊத்துறேன்" என்றும் சொல்லியிருந்தார். பாலில் ஊசி மருந்து கலந்தால் உறை செத்துப்போகும். இது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். ஊசி போட்டேன் என்று வாயால் சொன்னவர் அந்த வட்டாரத்தில் அவர் ஒருவர்தான்.

மறுநாள் அவர் கேனைத் தராசில் ஏற்ற வேண்டாம் என்றேன்.

"ஏனுங்க சார்? அந்தப் பாலு இதுல இல்லீங்களே. மாதா சத்தியமா இல்ல."

அவருடைய முகத்தைப் பார்த்து, நான்தான் நிறுத்துகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "நான் என்ன பண்றது, லேப்புல வேண்டான்னுட்டாங்க" என்றேன். லேப்பம்மாவுக்கு அப்போது இந்த விஷயமே தெரியாது. ஆரோக்கியமேரி கேனைத் திரும்பத் தலையில் தூக்கிக்கொண்டு போனார். அந்தப் பால்தான் அந்த வீட்டின் அடுப்பு என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

விஷயம் காதுக்குப் போனதும் லேப்பம்மா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பாட்டிலைக் கொதிக்க வைத்து எடுத்துக்கொண்டு, நடந்தே அந்த ஊருக்குப் போய், இரண்டு மாட்டின் மடியிலிருந்தும் நேராகப் பால் பிடித்து வந்தார். அதில் உறை ஊற்றினார். அருமையாகத் தோய்ந்தது. ஆரோக்கியமேரியின் கேனில் இருந்த பாலிலும் கொஞ்சம் வாங்கி வந்திருந்தார். அது தோயவில்லை. எங்கள் மோரைப் பாக்டீரியாகூடப் புக முடியாத வடிகட்டியில் வடித்து, அதில் ஒரு சொட்டை நல்ல உறையில் விட்டார். அதுவும் செத்தது.

"மருந்துதானே அப்போ?" என்றேன் நான், பிடியை விடாமல்.

"பாக்கலாங்க சார்."

செத்த உறையை வடித்து அதில் ஒரு சொட்டைப் புது உறையில் விட்டார். அது செத்தது. அதிலிருந்து ஒரு சொட்டு அடுத்ததில். அதுவும் செத்தது. இப்படியே பத்துத் தடவை. பச்சியப்பனும் நானும் ஆளுக்கொரு பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மருந்துன்னா ஒவ்வொரு தடவையும் தேயும். மூணாவது நாலாவதுலயே ஒண்ணும் இல்லாம போயிரும். இது தேயல பாருங்க. ஒவ்வொரு தடவையும் பெருகுது. ஃபேஜ்தான்."

பிறகு தட்டைக் காட்டினார். பனி படிந்த கண்ணாடி போல உறை வளர்ந்திருந்தது. நடுநடுவே பொட்டுப் பொட்டாக ஓட்டைகள். ஒந்து, எரடு, மூறு என்று எண்ண ஆரம்பித்தார். அவர் எண்ணி முடிக்கும்வரை பொறுத்திருந்து கேட்டேன்.

"நாம பாலைச் சூடு பண்ணித்தானே எடுக்கறோம்?"

"அந்தச் சூட்டுக்கு இது தாக்குப் பிடிக்குங்க. நல்லாக் கொதிச்சாத்தான் சாகும். பச்சைப் பால்ல எப்பவும் துளித்துளி இருக்கறதுதான். ஆனா நாமதான் அதை மோருல பெருக்கி, வூடு வூடா அனுப்பி, மறுபடி வாங்கி வெச்சுக்கறோம்."

அன்று மாலை அவர் நோட்டோடு கிளம்பினார். கேன் கழுவுகிறவரிடம் போனார். தண்ணீர் இல்லை, ஒரு சொம்பில் அலசித்தான் வைக்கிறோம், மோர் வாடை போவதில்லை என்றார் அவர். கேனில் மோர் ஊற்றுகிறவரிடம் போனார். யாரு சொல்லிச் செஞ்சீங்க, யாரு சொல்லிச் செஞ்சீங்க என்று ஒவ்வொரு ஆளாகக் கேட்டுக்கொண்டே வந்தார். கடைசியில் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"கேட்டுக்கிட்டே வந்தது இங்க வந்து முடிஞ்சிருச்சுங்க சார்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. ஊர் வறண்டு கிடக்கும்போது நாலு பேர் வாயை நனைத்தது ஒரு குற்றமா என்று கத்தினேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். "குத்தம்னு நான் சொல்லலீங்களே. அப்படி நடந்துச்சு. அதைத்தான் எழுதறேன்" என்றார். முதலாளிக்கு அனுப்ப வேண்டிய அறிக்கையை வைத்தார். அதிலும் அதே நாலு பத்தி. நாலாவது பத்தியில் இரண்டு இடம் காலியாக இருந்தது. பால் கேனில் மோர் ஊற்றியது யார் சொல்லி? ஆரோக்கியமேரியின் பாலை நிறுத்தியது யார் சொல்லி?

"இது ரெண்டும் நீங்க எழுதறதுங்க."

பேனாவை எடுத்தேன். இரண்டு இடத்திலும் "நிர்வாகம்" என்று எழுதினேன்.

அவர் அதைப் பார்த்தார். "நிர்வாகம்னா யாருங்க சார்?"

"எல்லாருந்தான்."

அவர் தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனார். திட்டியிருந்தால் தேவலை என்று அன்றுதான் எனக்குத் தோன்றியது.

மோரை நிறுத்திவிட வேண்டாம், கொதிக்க வைத்து வேறு பாத்திரத்தில் கொடுக்கலாம் என்றும் அந்த அறிக்கையில் எழுதியிருந்தார். அதற்கு விறகுக்கு எங்கே போவது என்று முதலாளி மோரையே நிறுத்தச் சொல்லிவிட்டார். கேன்களுக்கு நீராவி பிடித்தோம். உறையையும் இந்த ஃபேஜ் தொடாத வேறு ஜாதிக்கு மாற்றினார் லேப்பம்மா. ஒரு வாரத்தில் மணம் திரும்பியது. ஆரோக்கியமேரியின் பாலையும் எடுத்துக்கொண்டோம்.

ஆனால் மோர் இல்லை. காலையில் பால் இறக்கும் மேடையில் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். கன்று கத்துகிறது, பிள்ளைகளுக்கு என்ன ஊற்றுவது என்று ஒரே சத்தம். லேப்பம்மா சோதனைக்கு மாதிரிப் பால் எடுக்க வந்திருந்தார்.

"மோரை நிறுத்துனது யாரு?" என்றார் ஒரு பெண்.

"கேனுல ஊத்த வேண்டான்னு நான்தாங்க சொன்னேன்" என்றார் லேப்பம்மா. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. முதலாளி, விறகு என்று ஒன்றையும் துணைக்குக் கூப்பிடவில்லை. அவர்கள் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினார்கள். நின்று கேட்டுக்கொண்டார்.

பிறகு ஆரோக்கியமேரி முன்னால் வந்தார். "ஏம்மா, எம் பாலை நிறுத்துனதும் நீதான? பொய் சொல்றவ பாலுன்னு ஊரே பேசுச்சே, உனக்கு நான் என்ன பண்ணேன்?"

"அதை நான் சொல்லலீங்க."

"அப்ப யாரு சொன்னது?"

லேப்பம்மா என்னைப் பார்க்கவில்லை. தராசைப் பார்த்துக்கொண்டு, "அவங்களே சொல்லுவாங்க" என்றார்.

நான் நாலடி தள்ளித்தான் நின்றிருந்தேன். உள்ளே போன் அடிக்கிற மாதிரி இருக்கிறது என்று யாரும் கேட்காமலே சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். போன் அடிக்கவில்லை. அதன் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருடத்துக்கு அப்புறமும் அந்தக் கறுப்புப் போனை நினைத்தால் எனக்குக் கூசுகிறது.

அதற்குப் பிறகும் அவர் என் எதிரில்தான் களி சாப்பிட்டார். அந்தப் பேச்சை ஒருநாளும் எடுத்ததில்லை. பெண்கள் மட்டும் அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நாலைந்து மாதத்தில் பென்னாகரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார். போகும்போது என்னிடம், "வர்றேங்க சார். கேனுக்கு நீராவியை மட்டும் நிறுத்திராதீங்க" என்றார். அதற்கும் நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

அவர் இடத்துக்கு ஆள் வரவில்லை. ஒரு நாள் மழைக் காலையில் ஏதோ ஒரு பால் தொட்டியைக் கழுவச் சொல்லிவிட்டு நடந்தேன். பச்சியப்பன் பின்னாலேயே வந்தான். கையில் அந்த நீள நோட்டு. லேப்பம்மா போன பிறகும் அதே நாலு பத்தியைக் கோடு போட்டு எழுதிவந்திருக்கிறான்.

"சார், யாரு சொல்லின்னு போடறதுங்க?"

அவன் கிண்டலாகக் கேட்கவில்லை. எழுத வேண்டும், கேட்கிறான். நோட்டை வாங்கினேன். பின்னால் புரட்டினேன். கோடை மாதத்துப் பக்கத்தில் லேப்பம்மாவின் கையெழுத்து. அறிக்கையில் நான் "நிர்வாகம்" என்று நிரப்பிய அதே இரண்டு வரி. நோட்டில் அந்த இரண்டு இடத்தையும் அவர் காலியாகவே விட்டிருந்தார்.

நான் மேடைக்குப் போனேன். ஆரோக்கியமேரி கேனை இறக்கிக்கொண்டிருந்தார். முந்தானை நனைந்திருந்தது.

"அன்னைக்கு உங்க பாலை நிறுத்துனது லேப்பம்மா இல்லீங்க. நான்தான். லேப்பு மேல பழியைப் போட்டுட்டேன். உங்க பால்ல ஒரு குறையும் இல்லன்னு கண்டுபிடிச்சதே அவங்கதான்" என்றேன்.

அவர் கேன் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை.

"போன மாசம் பஸ் ஸ்டாண்டுல அந்தம்மா என்னைப் பாத்து நல்லா இருக்கீங்களான்னு கேட்டுச்சுங்க சார். நான் கீழ காறித் துப்பிட்டு வந்தேன்."

பிறகு பாலைத் தராசில் ஏற்றினார். நான் முள்ளைப் பார்த்தேன். அது ஆடி நின்றதும் எடையைக் குறித்துக்கொண்டேன்.